பாடநெறி மாற்றமும் உதவிப்பணமும்: அமெரிக்க உயர்கல்வி வரலாற்றிலிருந்து ஓர் ஆய்வு

உயர்கல்விக்கு அரசு வழங்கும் உதவிப்பணம் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் இரு வினாக்களையே எழுப்புவர். உதவி யாருக்கு வழங்கப்படுகிறது என்பது ஒன்று. எவ்வளவு வழங்கப்படுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. உதவி பெற்றுப் படிக்கத் தொடங்கிய மாணவர் ஒருவர், தாம் தேர்ந்த பாடநெறி தமக்குப் பொருந்தவில்லை என உணர்ந்து வேறொன்றுக்கு மாற விரும்பினால், அவ்வுதவி அவரைத் தொடர்ந்து செல்லுமா? அல்லது முதல் தேர்வோடு அவருக்குரிய வாய்ப்பு முடிந்துவிடுமா?

இவ்வினா அலுவலக நடைமுறை சார்ந்த சிறு விடயம்போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்குமிடத்து அவ்வாறன்று. பதினெட்டு வயதில், பல்கலைக்கழகக் கல்வியின் இயல்பை அறியாத நிலையில், ஒரு துறையைத் தேர்ந்தெடுப்பவர் அத்தேர்வில் தவறுவது இயற்கை. வசதி படைத்த குடும்பத்து மாணவருக்கு அத்தவறு ஓரிரு ஆண்டுக் காலதாமதம் மட்டுமே; அதன் செலவைப் பெற்றோர் ஏற்பர். உதவிப்பணத்தை நம்பி வந்த மாணவருக்கோ அதே தவறு கல்வியின் முடிவாகவும் அமையக்கூடும். ஆகவே, பாடநெறி மாற்றம் பற்றிய விதி எதுவாயினும், மறுசிந்தனை செய்யும் உரிமை எவர் எவருக்கு உண்டு என்பதைப் பற்றிய விதியாகவும் அது அமைந்துவிடுகிறது. இவ்விதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1944 முதல் இன்றுவரை அடைந்த மாற்றங்கள் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. நம்பிக்கையில் தொடங்கி, ஐயத்துக்கு மாறி, ஈற்றில் காலக்கணக்கில் வந்து நின்ற ஒரு வரலாறு அது.

1. நம்பிக்கையின் காலம்

1944 யூன் 22ஆந் திகதி சனாதிபதி றூஸ்வெல்ற் கைச்சாத்திட்ட போர்வீரர் மீளமைவுச் சட்டம், ஜீ. ஐ. சட்டம் எனப் பரவலாக அறியப்பட்டது. அச்சட்டத்தின் முதல் நோக்கம் கல்வியை வளர்ப்பதன்று. போர் முடிந்து திரும்பும் இலட்சக்கணக்கான இளைஞர் ஒரே வேளையில் வேலை தேடினால் 1930களின் பொருளாதார மந்தம் மீண்டும் தலையெடுக்கும் என்ற அச்சமே அதன் பின்னணியில் வலுவாக நின்றது. எனினும் அதன் கல்விப் பகுதி, சட்டத்தை ஆக்கியோர் எதிர்பார்த்ததிலும் பெரிய விளைவுகளைத் தந்தது.

அப்பகுதியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. 90 நாட்களாவது சேவை புரிந்த வீரருக்கு ஓராண்டுக் கல்வியும், அதற்கு மேல் அவர் படையில் இருந்த காலத்துக்குச் சமமான காலமும் உரித்தாயின. மொத்தம் நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாது. ஒரு கல்வியாண்டுக்கு 500 டொலர் வரை கட்டணம் நிறுவனத்துக்கு நேரடியாகச் செலுத்தப்பட்டது. அது அக்காலத்தில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் கட்டணத்துக்கும் போதுமானதாக இருந்தது. வாழ்க்கைச் செலவுக்கெனத் தனித்தவருக்கு மாதம் 50 டொலரும், குடும்பத்தவருக்கு 75 டொலரும் வழங்கப்பட்டன. 1945 திசெம்பரில் இத்தொகைகள் முறையே 65, 90 டொலர்களாக உயர்த்தப்பட்டன.

இங்கு அரசு வழங்கியது ஒரு குறிப்பிட்ட பட்டத்துக்கான உதவியன்று. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கான உதவியே. வீரருடைய பெயரில் இத்தனை மாதங்கள் என்று ஒரு கணக்குத் திறக்கப்பட்டது. அம்மாதங்களை எந்த நிறுவனத்தில், எந்தத் துறையில் செலவிடுவது என்பதை அவரே தீர்மானித்தார். அவருடைய முன்னேற்றம் போதுமானதா என்பதையும் நிறுவனத்தின் வழக்கமான அளவுகோலே முடிவு செய்தது. திருப்தியான காரணம் காட்டித் தொடங்கிய பாடநெறியை மாற்றிக்கொள்ளவும் இடமிருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அக்காரணங்கள் கடுமையாகச் சோதிக்கப்படவில்லை.

இத்தகைய தாராளத்தை எல்லோரும் வரவேற்கவில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் றொபேட் ஹச்சின்ஸ், கல்வியில் நாட்டமற்றோர் உதவிப்பணத்துக்காகப் பல்கலைக்கழகங்களை நிறைப்பர் என எச்சரித்தார். ஹார்வார்ட் தலைவர் ஜேம்ஸ் கொனன்ற் என்பாரும் அதே ஐயத்தைக் கொண்டிருந்தார். நடந்ததோ வேறு. 1947இல் அமெரிக்கக் கல்லூரி மாணவரில் 49 வீதத்தினர் முன்னாள் வீரராக இருந்தனர். அவர்கள் பிற மாணவரைக் காட்டிலும் குறைவாகச் சித்தியெய்தவுமில்லை. கொனன்ற் பின்னர் தமது கருத்தை மாற்றிக்கொண்டு அவர்களைப் பாராட்டினார். மாணவரின் மனமாற்றத்துக்கு அஞ்சிய கல்விமானே ஈற்றில் மனம் மாற நேர்ந்தமை வரலாற்றின் விசித்திரம் எனலாம்.

மொத்தத்தில் ஏறத்தாழ 78 இலட்சம் வீரர் இச்சட்டத்தின் கல்வி, பயிற்சி உதவிகளைப் பெற்றனர். இவர்களுள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். எனினும் இச்சுதந்திரம் யாவர்க்கும் ஒரே பொருளைத் தரவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். தென் மாநிலங்களில் கல்வி நிறுவனங்கள் நிறத்தின் அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பின வீரருக்குத் திறந்திருந்த கல்லூரிகள் சில; அவற்றில் துறைகளும் சில; இடமின்மையால் திருப்பி அனுப்பப்பட்டோரோ பலர். தேர்ந்த துறையை விட்டு மாறும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தபோதிலும், மாறிச் செல்வதற்கு வேறொரு கதவு இல்லாதவர்க்கு அது வெற்றெழுத்தாகவே இருந்தது.

2. ஐயத்தின் தோற்றம்

தாராளம் நிலவிய இடத்தில் அதைப் பயன்படுத்தி இலாபம் தேடுவோரும் தோன்றினர். கட்டணத்தை அரசே செலுத்தும் என்ற உறுதி கிடைத்தவுடன், ஆயிரக்கணக்கான இலாபநோக்குப் பயிற்சிப் பள்ளிகள் நாடெங்கும் முளைத்தன. வேலைவாய்ப்பே இல்லாத தொழில்களுக்குப் பயிற்சி அளித்தவையும், வராத மாணவரின் பெயரில் வரவு எழுதிப் பணம் பெற்றவையும், 500 டொலர் எல்லையைத் தொடும்வரை கட்டணத்தை உயர்த்தியவையும் அவற்றுள் இருந்தன. நடனம், பொழுதுபோக்கு விமான ஓட்டம் போன்றவற்றுக்கு அரசு பணம் செலுத்துவது பத்திரிகைகளில் கேலிக்குள்ளாயிற்று. 1948இல் கொங்கிரஸ் பொழுதுபோக்குத் தன்மையுள்ள பயிற்சிகளுக்குத் தடை விதித்தது.

இச்சூழலில் பாடநெறி மாற்றமும் ஐயத்துக்குரியதாயிற்று. ஒரு பயிற்சியை முடித்தவர் அத்தொழிலில் சேராது, தொடர்பற்ற மற்றொன்றில் சேர்ந்தால், அவர் கல்வியை நாடுகிறாரா, மாதாந்த உதவிப்பணத்தை நாடுகிறாரா என்ற கேள்வி எழுந்தது. உதவிப்பணம் உள்ளவரை பள்ளி பள்ளியாக மாறிச் செல்வோர் என்ற படிமம் அரசியல் உரையாடலில் இடம்பெற்றது. 1940களின் இறுதியிலிருந்து மாற்றத்துக்கான அனுமதி படிப்படியாக இறுக்கப்பட்டது. பெரும்பாலான வீரர் 1951 யூலை 25ஆந் திகதிக்குள் கல்வியைத் தொடங்கியிருக்க வேண்டும் என்ற எல்லையும் நடைமுறைக்கு வந்தது.

1950இல் கீழ்ச்சபை ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. டெக்சாஸ் மாநிலப் பிரதிநிதி ஒலின் ரீக் அதன் தலைமையை ஏற்றார். அவர் தாமே போரில் காயமுற்ற வீரர். வீரருக்கான உதவிக்கு எதிரியல்லர். அவரது குழு வெளிக்கொணர்ந்த முறைகேடுகளில் பெரும்பாலானவை பள்ளி நடத்துவோரின் முறைகேடுகளே. வீரர் பலர் அவற்றால் ஏமாற்றப்பட்டோராகவே இருந்தனர். இவ்வேறுபாடு முக்கியமானது. ஏனெனில், குற்றத்தில் பெரும்பங்கு நிறுவனங்களுடையதாக இருந்தும், அதற்குக் கண்ட மருந்துகளுள் ஒன்று மாணவரின் சுதந்திரத்தைக் குறைப்பதாக அமைந்தது.

3. ஒரே ஒரு மாற்றம்

கொரியப் போரின் வீரருக்கென 1952 யூலை 16ஆந் திகதி சனாதிபதி ட்ரூமன் கைச்சாத்திட்ட சட்டம் இம்மருந்தை எழுத்தில் வடித்தது. சேவை புரிந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றரை நாள் வீதம், 36 மாதங்களுக்கு மேற்படாத காலம் உரித்தாயிற்று. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் வேறு வேறாக வழங்கப்படாது, தனித்தவருக்கு மாதம் 110 டொலர் வீதம் ஒரே தொகையாக மாணவர் கையில் கொடுக்கப்பட்டது. அதிலிருந்தே அவர் கட்டணத்தையும் செலுத்தவேண்டும். தம் கையிலிருந்து செல்லும் பணத்துக்கு மாணவர் கணக்குப் பார்ப்பர். ஆகவே பயனற்ற பள்ளிகள் தாமே ஒழியும் என்பது இதன் தருக்கம். தொழிற்பயிற்சி நெறிகளில் மாணவரில் 85 வீதத்துக்கு மேற்பட்டோர் அரச உதவி பெறும் வீரராக இருத்தலாகாது என்ற விதியும் சேர்க்கப்பட்டது. சொந்தப் பணம் கொடுத்து ஒருவரும் சேர முன்வராத நெறிக்கு அரசும் பணம் கொடுக்கவேண்டியதில்லை என்பதே அதன் கருத்து.

இவற்றோடு, வீரர் தமது பாடநெறியை ஒருமுறை மட்டுமே மாற்றலாம் என்ற விதி சட்டத்தில் இடம்பெற்றது. தமது துர்நடத்தையாலோ கவனமின்மையாலோ முதற்பாடநெறியைக் குழப்பிக்கொண்டவர்க்கு அந்த ஒரு மாற்றமும் எளிதில் கிட்டாது. அவரது ஆற்றலுக்கும் நாட்டத்துக்கும் புதிய நெறி கூடுதலாகப் பொருந்துகிறது என நிருவாகம் காணவேண்டும். மறுபுறம், ஒரு நெறி மற்றொன்றுக்கு முன்தேவையாக அமையுமிடத்து, ஒன்றை முடித்து மற்றதிற் சேர்வது மாற்றமாகக் கருதப்படவில்லை.

இவ்விதியை முற்றிலும் கண்டிப்பது நியாயமாகாது. முதல் மாற்றத்தைக் குற்றமாகக் கொள்ளாது, வயதுக்கும் அனுபவமின்மைக்கும் உரிய உரிமையாக அது ஏற்றுக்கொண்டது. ஒருவர் ஒருமுறை தவறலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டமை சிறிய விடயமன்று. மாற்றத்துக்கு ஆலோசனையைத் துணையாக்கியதும் வரவேற்கத்தக்கதே. எனினும் அடிப்படை மனப்பான்மை மாறிவிட்டது. 1944இல் மாணவர் தமது காலத்தின் உரிமையாளர். 1952இல் அவர் தமது மனமாற்றத்துக்குக் காரணங் கூறவேண்டிய விண்ணப்பதாரர். வியட்நாம் போர்க்காலத்தில், 1966இல் நிறைவேறிய வீரர் உதவிச் சட்டமும் இப்போக்கையே பின்பற்றியது.

4. மானியம் மாணவரைத் தொடர்தல்

இதுவரை நோக்கியது படைச்சேவைக்குக் கைம்மாறாக வழங்கப்பட்ட உதவி. வறுமையையே தகுதியாகக் கொண்ட மானியம் 1965இல்தான் தோன்றியது. அவ்வாண்டு நவெம்பர் 8ஆந் திகதி, தாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற டெக்சாஸ் கல்லூரிக்கே சென்று சனாதிபதி ஜோன்சன் உயர்கல்விச் சட்டத்தில் கைச்சாத்திட்டார். வறிய மாணவருக்கு ஆண்டுக்கு 200 முதல் 800 டொலர் வரை வழங்கும் கல்வி வாய்ப்பு மானியங்கள் அச்சட்டத்தால் உருவாயின. ஆனால் அரசு பணத்தை நிறுவனத்துக்கு ஒதுக்க, நிறுவனமே பெறுநரைத் தெரிவு செய்தது. ஆகவே நிறுவனம் மாறும் மாணவர் தமது மானியத்தைப் பழைய வாசலிலேயே விட்டுச் செல்லவேண்டியிருந்தது. புதிய நிறுவனத்தில் நிதி எஞ்சியிருந்தால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இம்முறையை மாற்றியவர் றோட் ஐலண்ட் மாநிலச் செனற்றர் கிளெய்போர்ன் பெல். உதவியை நிறுவனங்களுக்குக் கொடுப்பதா, மாணவர்க்குக் கொடுப்பதா என்பது 1972இல் கொங்கிரசில் பெரும் விவாதமாயிற்று. ஒறிகன் மாநிலப் பிரதிநிதி ஈடித் கிறீன் நிறுவனங்களின் பக்கம் வாதாடினார். பெல்லின் நிலைப்பாடே வென்றது. 1972 யூன் 23ஆந் திகதி நிக்சன் கைச்சாத்திட்ட திருத்தச் சட்டத்தின்படி அடிப்படைக் கல்வி வாய்ப்பு மானியம் தோன்றியது; 1980இல் அதற்குப் பெல் மானியம் எனப் பெயரிடப்பட்டது. குடும்ப வருவாயைக் கொண்டு தகுதி கணிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற எந்த நிறுவனத்துக்கும் மாணவர் அதை எடுத்துச் செல்லலாம். சட்டத்தில் ஆண்டுக்கு 1,400 டொலர் உச்ச எல்லையாகக் குறிக்கப்பட்டது. நிதி ஒதுக்கீடு போதாமையால், முதலாண்டாகிய 1973-74இல் முழுநேர முதலாண்டு மாணவர்க்கு மட்டும், ஆகக்கூடியது 452 டொலர் வீதம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு அதைப் பெற்றோர் ஏறத்தாழ 1,76,000 பேர்.

பாடநெறி மாற்றத்தைப் பொறுத்தவரை இது பெரும் திருப்பமாகும். ஏன் மாறுகிறாய் என்று இம்மானியம் கேட்கவில்லை. எத்தனைமுறை மாறுகிறாய் என்றும் கேட்கவில்லை. மெய்யியலை விட்டு மருத்துவத் தாதியியலுக்குச் செல்பவரும், ஒரு மாநிலத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்பவரும் மீண்டும் விண்ணப்பித்து, தகுதியிருந்தால் மானியத்தைத் தொடர்ந்து பெறலாம். 1944இன் நம்பிக்கை, படைச்சேவை இல்லாதோருக்கும் மீண்டும் கிடைத்ததுபோல் தோன்றியது.

5. காலக்கணக்கு

ஆயினும் கேள்வி மறையவில்லை, வடிவம் மாறியது. ஏன் மாறினாய் என்ற கேள்வியின் இடத்தில், எவ்வளவு காலம் எடுத்தாய் என்ற கேள்வி வந்தமர்ந்தது.

1976ஆம் ஆண்டுத் திருத்தங்கள், உதவி பெறும் மாணவர் போதிய கல்வி முன்னேற்றம் காட்டவேண்டும் என்பதைச் சட்டமாக்கின. அதைத் தொடர்ந்த ஒழுங்குவிதிகளில் மூன்று அளவுகோல்கள் நிலைபெற்றன. பெறும் புள்ளிகளின் சராசரி முதலாவது. தொடங்கிய பாடங்களில் எத்தனை வீதம் முடிக்கப்பட்டன என்பது இரண்டாவது. பாடநெறிக்குரிய அளவின் ஒன்றரை மடங்குக்குள் அதை முடித்தல் மூன்றாவது. பாடநெறி மாறுவோரைத் தாக்குவது இம்மூன்றாவதே.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியின் பட்டயத்துக்கு 60 பாட அலகுகள் தேவை எனக் கொள்வோம். அதன் ஒன்றரை மடங்கு 90. வணிகத் துறையில் 45 அலகுகளை முடித்த மாணவி ஒருவர் தாதியியலுக்கு மாறுகிறார். பழைய அலகுகளில் 15 மட்டுமே புதிய நெறிக்குப் பொருந்துகின்றன. இன்னும் 45 தேவை. முன்னைய 45உம் இனிவரும் 45உம் கூடினால் 90, எல்லை அதுவே. இனி ஒரேயொரு பாடத்தில் தவறினாலும் எல்லைக்குள் முடிக்க முடியாதவராகி, உதவிக்குரிய தகுதியை அவர் இழக்க நேரிடும். அவர் சோம்பியிருக்கவில்லை; எந்தப் பாடத்திலும் அதுவரை தவறவுமில்லை. ஒருமுறை மனம் மாறினார், அவ்வளவே.

இந்நிலையைத் தணிக்க விதியில் வழி உண்டு. புதிய நெறிக்குப் பொருந்தாத பழைய பாடங்களைக் கணக்கிலிருந்து நீக்க நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. நோய், உறவினர் மரணம் போன்ற காரணங்களுக்காக முறையீடு செய்யவும் நிறுவனம் இடமளிக்கலாம். ஆனால் இவை நிறுவனத்தின் விருப்பைச் சார்ந்தவை, மாணவரின் உரிமைகளல்ல. எனவே ஒரே நிலையிலுள்ள இரு மாணவருள், ஒரு கல்லூரியில் படித்தவர் உதவியைத் தொடர்ந்து பெறவும் மற்றொரு கல்லூரியில் படித்தவர் அதை இழக்கவும் நேர்கிறது.

இதற்கு மேலாக வாழ்நாள் எல்லை ஒன்றும் விதிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பொதுவாக நான்கு கல்வியாண்டுகள் என்ற வரையறை இருந்தது. பின்வந்த திருத்தங்களில் அது மாற்றமடைந்தது. 2008இல் நிறைவேறிய சட்டம், அவ்வாண்டு யூலை 1ஆந் திகதிக்குப் பின் முதன்முறையாக மானியம் பெறுவோர்க்கு 18 அரையாண்டுத் தவணைகள் என்ற எல்லையை வகுத்தது. 2011 திசெம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் அதனை 12 தவணைகளாகக் குறைத்தது. 2012 யூலை 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த இக்குறைப்பு, மானியத்தை எப்போது முதன்முறை பெற்றிருந்தாலும் எல்லோரையும் கட்டுப்படுத்தியது. இளமையில் ஒரு பாடநெறியில் மானியத்தைச் செலவிட்டுவிட்டு, நடுவயதில் வேறொரு தொழிலுக்கெனக் கல்லூரிக்குத் திரும்பியவர், தாம் முன்பு பயன்படுத்திய ஆண்டுகள் யாவும் கணக்கில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். அவர் அவற்றைப் பயன்படுத்திய காலத்தில் 12 தவணை எல்லை இருக்கவில்லை. இது விவாதித்து உருவாக்கப்பட்ட கல்விக் கொள்கையாக வரவில்லை. வரவுசெலவுப் பற்றாக்குறையை நிரப்பும் வழிகளுள் ஒன்றாகவே வந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

6. இழப்பின் பொறுப்பு

12 தவணைகள் என்பது முழுநேரக் கல்வியில் ஆறு ஆண்டுகள். நான்காண்டுப் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் தாராளமல்லவா எனச் சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. பொதுப்பணத்துக்கு எல்லை வேண்டும். எல்லையற்ற உதவியை இலாபநோக்குப் பள்ளிகள் எவ்வாறு சுரண்டின என்பதை 1940களின் அனுபவமே காட்டியது. ஆயினும் அந்த ஆறு ஆண்டுகள் எவ்வாறு கரைகின்றன என்பதையும் ஆராயவேண்டும்.

முதலாவதாக, பாடநெறி மாற்றம் ஒரு சிலரின் சபலமன்று. அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் புள்ளிவிபர நிலையம் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, 2011-12இல் கல்வியைத் தொடங்கித் துறையொன்றைத் தேர்ந்திருந்த பட்டதாரி மாணவரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மூன்று ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் துறை மாறினர். பத்தில் ஒருவர் அளவினர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறினர். மூவரில் ஒருவர் செய்வதை விதிவிலக்கு என்று கூறமுடியாது. அது பல்கலைக்கழகக் கல்வியின் இயல்புகளுள் ஒன்று.

இரண்டாவதாக, மாற்றத்தின் செலவு மாணவரால் மட்டும் உண்டாவதன்று. ஒரு நிறுவனத்தில் பெற்ற பாட அலகுகளை மற்றொன்று ஏற்பதும் மறுப்பதும் அதன் விருப்பம். அமெரிக்க அரச பொறுப்புக்கணக்கு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரை நிறுவனம் மாறிய மாணவர் சராசரியாகத் தமது அலகுகளில் 43 வீதத்தை இழந்தனர் என மதிப்பிட்டது. இவ்வலகுகளுக்கு மானியம் முன்பே செலவிடப்பட்டுவிட்டது. வாழ்நாள் கணக்கிலும் அவை எழுதப்பட்டுவிட்டன. அலகுகளை ஏற்க மறுத்த நிறுவனத்துக்கு எக்கணக்கும் இல்லை. அரசு இருமுறை செலவிடுகிறது. மாணவர் காலத்தை இழக்கிறார். மறுத்த நிறுவனமோ அதே பாடத்துக்கு மீண்டும் கட்டணம் பெறுகிறது.

மூன்றாவதாக, மானியத்தின் வாங்கும் வலு குறைந்துள்ளது. 1970களின் நடுப்பகுதியில் ஆகக்கூடிய மானியம், அரச நான்காண்டுக் கல்லூரி ஒன்றில் தங்கிப் படிக்கும் செலவில் முக்காற் பங்குக்கு மேல் ஈடுசெய்தது. 2024-25ஆம் கல்வியாண்டில் ஆகக்கூடிய மானியம் 7,395 டொலர். அது அச்செலவில் மூன்றிலொரு பங்கின் அளவினதே. எஞ்சியதை ஈட்ட மாணவர் வேலைக்குச் செல்கின்றனர்; வேலைக்குச் செல்வதால் பாடங்கள் பின்தங்குகின்றன; பின்தங்குவதால் காலக்கணக்கு அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. உதவியின் சிறுமையே உதவிக்கான தகுதியைப் பறிக்கும் நிலை இங்கு உருவாகிறது.

நிறுவனத்தின் பிழைக்கு மாணவர் விலை கொடுக்கலாகாது என்ற கொள்கை முற்றாக மறக்கப்படவில்லை என்பதற்கும் சான்று உண்டு. கொரிந்தியன், ஐ. ரி. ரி. என்னும் இரு பெரும் இலாபநோக்குக் கல்வி நிறுவனங்கள் முறையே 2015இலும் 2016இலும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான மாணவர் நடுவழியில் கைவிடப்பட்டனர். பள்ளி மூடப்பட்டதால் படிப்பை முடிக்க இயலாது போனோர் அங்கு செலவிட்ட மானியக் காலத்தை, அவர்களது வாழ்நாள் கணக்கிலிருந்து நீக்கிக் கொடுக்கக் கல்வித் திணைக்களம் பின்னர் நடவடிக்கை எடுத்தது. இழந்த காலத்தை மீள வழங்க முடியும் என்பதை இது மெய்ப்பித்தது. ஒன்றரை ஆண்டு படித்த மாணவரின் அலகுகளைக் காரணமின்றி ஒதுக்கும் நிறுவனத்தின் விடயத்தில் மட்டும் அவ்வாறு செய்ய முடியாது என்பதற்குக் கொள்கையளவில் தடை எதுவும் இல்லை.

7. முடிவுரை

மேற்கூறிய வரலாற்றை மூன்று நிலைகளாகத் தொகுத்துக் கூறலாம். 1944இன் சட்டம் மாணவரை நம்பிக் காலத்தை அவர் கையில் கொடுத்தது. 1952இன் சட்டம் ஒருமுறை தவற அனுமதித்து, அதற்கு மேல் காரணங் கேட்டது. 1972இல் தொடங்கிய மானியம் காரணத்தைக் கேட்பதைக் கைவிட்டது; ஆனால் பின்னாளில் அதன்மேல் ஏற்றப்பட்ட காலக்கணக்கு, காரணத்தைக் கூறும் வாய்ப்பையும் உடன் கொண்டு சென்றது. பழைய முறையில் ஓர் அலுவலர் மாணவரின் கதையைக் கேட்டு மறுத்தார். புதிய முறையில் கதையைக் கேட்க ஒருவரும் இல்லை. எண்ணிக்கை நிறைந்ததும் வாயில் மூடிக்கொள்கிறது. நடுநிலையானது என இதனைப் புகழ்வோர் உளர். வசதியுள்ளவரைத் தொடாது, இல்லாதவரை மட்டும் அளக்கும் அளவுகோலை நடுநிலையானது என ஏற்பது கடினம்.

எல்லையே வேண்டாம் என்பது இவ்வரலாறு தரும் பாடமன்று. எல்லையை யாருக்கு விதிப்பது என்பதே பாடம். 1950களில் பள்ளிகளின் ஊழலை விசாரித்த நாடு, அதன் மருந்தில் ஒரு பகுதியை மாணவருக்குப் புகட்டியது. பின்வந்த அரை நூற்றாண்டிலும் அத்தவறு தொடர்ந்தது. அலகுகளை ஏற்கும் கடப்பாட்டை நிறுவனங்கள்மேல் சுமத்துவதும், தேர்வுக்கு முன்னரே தகுந்த ஆலோசனை கிடைக்கச் செய்வதும், முதல் மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காது விடுவதும் அரசின் கருவூலத்தை வெறுமையாக்கா. 1952இன் சட்டமே, ஐயம் நிறைந்த அக்காலத்தில்கூட, ஒரு மாற்றத்தை மாணவரின் உரிமையாக ஒப்புக்கொண்டிருந்தது.

கல்வியின் நோக்கங்களுள் ஒன்று மனிதரைத் தம்மையே அறியச் செய்வது. கற்றதன் பயனாகவே ஒருவர் தமது முதல் தேர்வு பிழையென்று உணரக்கூடும். அவ்வாறு உணர்ந்தவரைத் தண்டிக்கும் உதவிப்பணம், தான் வளர்க்க வந்த அறிவுக்கே அபராதம் விதிக்கிறது. மறுசிந்தனை செல்வர்க்கு மட்டும் உரிய ஆடம்பரமாக இருக்கும்வரை, கல்வியில் சமவாய்ப்பு என்பது முதல் நாள் வாசலோடு முடிந்துவிடும் வாய்ப்பாகவே இருக்கும்.